கேளாமல் தீர்ப்பிடலாமா?

புதுமடம் கடற்கரையில் இளைஞர் சிலர் விரும்பிக் கேட்கும் 'ஹெவி மெட்டல்' இசையைச் சாத்தானின் கூச்சல் என்று நம் மேடைகளிலேயே சாடுகிறோம். கேளாமல் தீர்ப்பிடுவது அறமாகுமா?

1992இல் சிங்கப்பூரில் தமிழ் வழியினர் தொடங்கிய 'ருத்ரா' குழுவை எண்ணிப் பார்ப்போம். இடையில் கலைந்து, மீண்டும் கூடி, 1998இல் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டது. 2005 முதல் 2011 வரை வந்த 'பிரம்மவித்யா' என்னும் மூன்று தொகுப்புகளில், உறுமும் குரலில் அது முழங்கியது வேதாந்தத்தை. அங்கே சாத்தான் எங்கே?

புனிதத்தை இகழும் குழுக்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பிற சமயங்களிலுள்ள உண்மையானதையும் தூயதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்ததை மறந்தோமா? இளைஞரைச் சபிக்குமுன் அவர்களோடு அமர்ந்து கேட்போம்; பிறகு பேசுவோம்.