சாவிக்கொத்தும் கைக்கடிகாரமும்

ஆடித்தபசு அன்று சங்கரன்கோவில் ரத வீதிகளில் கால் வைக்க இடமிருக்காது. கோமதி அம்மனின் தபசுக் காட்சிக்காக வெயிலில் காத்துநிற்கிற கூட்டம் ஒரு பக்கம், விரதமிருந்து ஆடிச்சுற்று சுற்றுகிறவர்கள் இன்னொரு பக்கம். இத்தனை பேர் கூடுமிடத்தில் யாராவது பொத்தென்று விழுவது புதிதல்ல. விழுந்த மறுநொடி ஒரு குரல் வரும்: “ஏ, சாவி இருந்தாக் குடுங்கப்பா!”

இரும்பைக் கையில் கொடுத்தால் இழுப்பு நிற்கும் என்பதைச் சினிமாவும் சேர்ந்து ஊர் ஊராகப் பரப்பிவிட்டது. பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். சாவிக்கொத்தைத் தேடியெடுத்து, மடங்கிய விரல்களைப் பிரித்துத் திணித்து முடிக்கவும் அவ்வளவு நேரம்தான் ஆகும். பேர் சாவிக்குப் போய்விடுகிறது.

எனக்கு அதைவிட ஆற்றாமை, வந்தது வலிப்புதானா என்றே யாரும் பார்ப்பதில்லை. ஒரு தபசு அன்று பூக்கடை ஓரமாக நின்றிருந்த பெண்ணுக்கு முகம் வெளுத்து, நெற்றியில் வியர்வை கொட்டியது. “கண்ண இருட்டிக்கிட்டு வருதுக்கா” என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டே சரிந்தார். தரையில் விழவிடாமல் நாலு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். நல்ல எண்ணம்தான், வந்த வினையும் அதுதான். கையும் காலும் நாலைந்து முறை வெட்டின. உடனே “காக்கா வலிப்பு” என்று தீர்ப்பாகிவிட்டது. சாவி வந்தது, சோடாவும் வந்தது.

அவருக்கு வந்தது வெறும் மயக்கம். சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நெடுநேரம் நின்றால் ரத்தம் கால்களில் தேங்கும். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். சில நேரம் நாடித்துடிப்பும் குறையும். மூளைக்கு ரத்தம் போதாமல் நினைவு தப்புகிறது. விழுவதே பாதி வைத்தியம். உடம்பு கிடைமட்டமானால் ரத்தம் மூளைக்கு ஏறி, சில நொடிகளில் கண் திறந்துவிடும். காலைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தால் இன்னும் நல்லது. தூக்கி நிறுத்தினால் மூளை பட்டினி கிடக்கிறது, அந்தப் பட்டினியிலும் கைகால் வெட்டும். வலிப்பில்லாத ஒருவருக்கு வலிப்பு நோயாளி என்று பேர் வைப்பது இவ்வளவு சுலபம்.

இதை டாக்டர் எப்படிப் பிரித்தறிவார்? அவர் அருகில் போவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். விழுந்தவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. ஈ.ஈ.ஜி. எடுத்தாலும் வலிப்பு நோய் உள்ளவருக்கே அது சாதாரணமாக வந்துவிடலாம். ஆகப் பெரிய சாட்சி பக்கத்தில் நின்றவர்தான். விழுமுன் முகம் வெளுத்ததா? எத்தனை நேரம் இழுத்தது? நாக்கின் ஓரம் கடிபட்டிருக்கிறதா? முழித்ததும் தெளிவாகப் பேசினாரா, அரைமணி நேரம் திக்குத் திசை தெரியாமல் கிடந்தாரா? மயக்கத்தில் தெளிவு சட்டென்று வரும், வலிப்புக்குப் பின் குழப்பமும் தூக்கமும் உடம்புவலியும் வரும். சிறுநீர் போவதை வைத்து மட்டும் முடிவு கட்டக் கூடாது, இரண்டிலும் போகலாம். ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோ மயங்கி விழுந்தால் அது வேறு கதை. இதயத்தைப் பார்த்தாக வேண்டும், ஈ.சி.ஜி. அவசியம்.

சாவி தேடும் கைகள் கடிகாரத்தைப் பார்த்தாலே போதும். இழுப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒன்று முடிந்து தெளியுமுன் அடுத்தது வந்தாலோ 108-ஐக் கூப்பிட வேண்டும். அதுவரை தலைக்கடியில் துண்டை மடித்து வைத்து, சுற்றியிருக்கும் கல்லையும் கம்பியையும் அகற்றி, துள்ளல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைக்கலாம். வாயில் துணியோ கரண்டியோ தண்ணீரோ சோடாவோ எதுவும் கூடாது. ஒருவர் செல்போனில் படம் எடுத்தால் டாக்டருக்கு உதவும். வாட்ஸப்பில் ஊருக்கெல்லாம் அனுப்ப அல்ல.

நம் பக்கத்துக்கே உரிய வலிப்பு ஒன்றும் இருக்கிறது. தலையில் சூடான வெந்நீரை மொண்டு மொண்டு ஊற்றிக் குளிக்கும்போது வருவது. உலகில் அதிகம் பதிவானது தென்னிந்தியாவில்தான். பெங்களூர் நிம்ஹான்ஸ் டாக்டர்கள் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். குளியலறையில் விழுந்த பிள்ளைக்கு மந்திரிக்கப் போகுமுன் தண்ணீரின் சூட்டைக் கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

அம்மன் சன்னதி எதிரே சக்கரக் குழியில் மனக்கோளாறு உள்ளவர்களை உட்கார வைத்து வேண்டுவது இங்கே பழைய வழக்கம். வலிப்பையும் பேய்க்கோளாறு என்று எண்ணும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அவர்கள் வேண்டிக்கொள்ளட்டும், புற்றுமண்ணும் பூசட்டும். எனக்குச் சண்டையில்லை. மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது. சரியாகச் சாப்பிட்டால் பத்தில் ஏழு பேருக்கு வலிப்பு வராமலே இருக்கும். திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பில் கொண்டுபோய் விட்டுவிடும்.

நிறுத்துவது அதிகமும் பெண்பிள்ளைகள். கல்யாணப் பேச்சு எடுத்ததும் மாத்திரை ஒளிந்துகொள்கிறது. திருமணத் தகுதிக்கான இந்து திருமணச் சட்டப் பிரிவிலிருந்து வலிப்பு என்ற சொல்லை 1999-லேயே நீக்கிவிட்டார்கள். நம் தரகர்களுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை. ஒளிப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சோடியம் வால்ப்ரோயேட் போன்ற மாத்திரை கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படை உருவாவது முதல் நாலு வாரத்தில், நாள் தள்ளிப்போனதே பலருக்கு உறைக்காத நேரத்தில். அதனால் டாக்டர் மாத்திரையை மாற்றுவதும், ஃபோலிக் அமிலம் எழுதிக்கொடுப்பதும் கரு தரிக்குமுன்பே நடக்க வேண்டும். புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்கே போக முடியாத பெண்ணுக்கு அதை எந்த டாக்டர் எழுதிக்கொடுப்பார்?