கையெழுத்தில்லாச் சம்மதம்

ஆங்கிலப் பாடத்தில் 'வில்லிங்' என்ற சொல்லுக்கு நாங்கள் எல்லோரும் 'ஆசை' என்று எழுதினோம். டீச்சர் சிவப்பு மையால் வெட்டினார். ஆசைப்படுவது வேறு, மறுக்காமல் உடன்படுவது வேறு என்றார். "கொட்டும் மழையில் கொழுந்து பறிக்கப் போகும் அக்காமார் 'வில்லிங்'தான். ஆசைப்பட்டா போகிறார்கள்?"

எனக்கு ராத்தாவின் நிக்காஹ் ஞாபகம் வந்தது. ஹட்டனில் எங்கள் வீட்டு ஹோலில் மாப்பிள்ளையும், வலீயாக வாப்பாவும் பதிவாளர் முன் கையெழுத்திட்டார்கள். ராத்தா உள்ளறையில் இருந்தாள். அவளுக்கு உண்மையிலேயே ஆசைதான், எனக்குத் தெரியும். பதிவுப் புத்தகத்துக்குத் தெரியாது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகளின் கையெழுத்தைக் கட்டாயமாகக் கேட்கவில்லை. வெட்கத்தால் பேசாதவளும் பயத்தால் பேசாதவளும் ஹோலில் இருப்பவர்களுக்கு ஒன்றுதான்.

பெண்ணிடம் சம்மதம் கேட்கும்படி மார்க்கமே சொல்கிறது. கேட்டதை எழுதி வைத்தால் யாருக்கு நட்டம்? சட்டம் திருந்தட்டும். அதுவரை, உம்மாமாரே, வாப்பாமாரே, ஒரு தனித்தாளிலாவது சாட்சிகள் முன் மகளின் கையெழுத்தை வாங்கி வையுங்கள். அதற்கு முன் தனியாகக் கேளுங்கள். மாமிமார் சூழ இருக்கும்போது வேண்டாம்.