உழைத்துப் பெற்ற லீவைப் பறிப்பதா?

அம்பிளாந்துறையில் நெல்மூட்டையுடன் பாதையில் ஏறி, வாவியைக் கடந்து, குருக்கள்மடத்தில் இறங்கிப் பழகிய மக்கள் நாம். கரை மாறியதனால் மூட்டை பாதைக்காரனுக்குச் சொந்தமாகிவிட்டதென்று எவரும் வாதிட்டதில்லை. பொதுச் சுகாதாரத்துறையில் ஒரு பதவியிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் வைத்தியரிடம் மட்டும், "பழைய சேவையை அக்கரையிலேயே விட்டு வாரும்" என்பது எந்த ஊர் நியாயம்?

இது கற்பனைக் கேள்வியன்று. நம்மவர் பலர் வைத்தியத் தொழில் புரியும் இங்கிலாந்தைப் பாருங்கள். 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2013 ஏப்ரல் 1ஆம் திகதி, பொதுச் சுகாதாரப் பணிகளிற் பெரும்பகுதி தேசிய சுகாதார சேவையிலிருந்து உள்ளூராட்சிச் சபைகளுக்கும் புதிய அரசாங்க நிறுவனமொன்றுக்கும் மாற்றப்பட்டது. வைத்தியரின் பணி மாறவில்லை. சம்பளம் கொடுப்பவரே மாறினார். அன்று கூட்டாக மாற்றப்பட்டவர்களுக்குப் பாதுகாப்பு இருந்தது. பின்னர் தாமாக வேலை மாறியவர்களுக்கோ அத்தகைய உறுதி இல்லை. தேசிய சுகாதார சேவையில் 12 மாதம் தொடர்ந்து உழைத்த தாய்க்கு, 8 வாரம் முழுச் சம்பளத்துடனும் 18 வாரம் அரைச் சம்பளத்துடனும் பிரசவ லீவு உண்டு. சபையொன்றில் உழைத்த ஆண்டுகளையும் அதற்குக் கணக்கிலெடுப்பது நியமிப்பவரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. உரிமை தயவாயிற்று!

நமது நாட்டுத் தாபன விதிக்கோவை அரசாங்க உத்தியோகத்தருக்கு ஆண்டொன்றுக்கு 24 நாள் ஓய்வு லீவும் 21 நாள் அமய லீவும் வழங்குகின்றது. ஓய்வு லீவு முந்திய ஆண்டின் சேவைக்காக அளிக்கப்படுவது. ஆகவே அது பிச்சையன்று. உழைத்து முடித்த வேலைக்குரிய ஊதியத்தின் ஒரு பகுதி. நெல்லை அறுத்து முடித்தபின் வயல் கைமாறினால், அறுத்த நெல்லும் புதியவனுக்குச் சேருமா?

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் பின்னர் சுகாதாரம் மத்திக்கும் மாகாணத்துக்கும் இடையே பங்கிடப்பட்டுள்ளது. கொழும்பு மாநகர சபை போன்றவற்றுக்குத் தனியான சுகாதாரப் பகுதிகள் உண்டு. பல்கலைக்கழகங்கள் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. பெயர்ப்பலகைகள் பலவாயினும் இவையனைத்தையும் தாங்குவது பொதுமக்களின் பணமே.

"பழைய நிறுவனத்தின் கடனைப் புதியது ஏன் சுமக்கவேண்டும்?" என்பர் சிலர். அவர்களைக் கேட்கிறோம்: நேர்முகப் பரீட்சையில் அவ்வைத்தியரின் பழைய அனுபவத்தைத்தானே எடை போட்டீர்கள்? அனுபவத்தை ஏற்றுக்கொண்டு, அதனால் விளைந்த உரிமையை நிராகரிப்பது வழக்குக்கு நிற்குமா?

இது வைத்தியர் வீட்டு விவகாரமென்று விவசாயி ஒதுங்கிவிடலாகாது. இடம் மாறினால் நட்டமென்று அறிந்தவர் இருந்த இடத்திலேயே இருப்பார். படுவான்கரைக்கு வரவேண்டியவர் வரமாட்டார். டெங்கைத் தடுப்பதற்கும் குழந்தைக்குத் தடுப்பூசி ஏற்றுவதற்கும் ஆளின்றித் தவிப்பது நமது கிராமமே.

ஆகையால் நாம் கோருவது இதுவே: மத்தி, மாகாணம், உள்ளூராட்சி, பல்கலைக்கழகம் ஆகியவற்றிடையே வேலை மாறும் வைத்தியரின் சேவை முறிவின்றித் தொடர்வதாக விதியில் எழுதப்படவேண்டும். அவரது லீவுக்கணக்கு, விடுவிப்புக் கடிதத்துடனேயே கையளிக்கப்படவேண்டும். இவ்வுரிமையைக் கைவிடுவதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் எதுவும் செல்லுபடியாகலாகாது.

தயவை நாம் வேண்டவில்லை. எழுத்தில் உறுதியையே வேண்டுகிறோம்.