தோப்பு ஒருத்தர் பேர்ல, பாடு இன்னொருத்தருக்கு... பி.எம். கிசான் 2,000 ரூபாய் யாருக்குப் போகுது?

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் எண்ணூர் தாண்டினால் அத்திப்பட்டு. அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டே போனால், மீஞ்சூருக்கு அப்புறம் பொன்னேரி பக்கம் நெல் வயல் வந்துவிடும். ஊத்துக்கோட்டைப் பக்கம் திரும்பினால் மாந்தோப்பு. பட்டா வைத்திருப்பவர் சென்னையில், பயிர் வைப்பவர் ஊரில் என்பது இந்த வட்டாரத்தில் சாதாரணம்.

அப்போ, விவசாயிக்கு மத்திய அரசு போடும் பணம் இவர்களில் யார் கணக்கில் ஏறும்? பட்டா வைத்திருப்பவர் கணக்கில்தான்.

விதி என்ன சொல்லுது?

2019 பிப்ரவரி 24-ல் கோரக்பூரில் தொடங்கியது பி.எம். கிசான். ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. 21-வது தவணையைப் பிரதமர் மோடி 2025 நவம்பர் 19-ல் கோவையில் விடுவித்தார்.

முதலில் 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும்தான். 2019 மக்களவைத் தேர்தல் முடிந்ததும் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். அரை ஏக்கர்காரருக்கும் 6,000, ஐம்பது ஏக்கர் தோப்புக்காரருக்கும் 6,000. வருமான வரி கட்டுபவர், அரசு ஊழியர், டாக்டர், வக்கீல் போன்றவர்களுக்குக் கிடையாது. (அரசு வேலையில் கடைநிலை ஊழியர்களுக்கு விலக்கு உண்டு.) விவசாய நிலத்தில் குடோன் கட்டிவிட்டால் அந்த நிலத்துக்கும் கிடையாது.

ஆனால் பெரிய ஓட்டை வேறு இடத்தில். குத்தகைக்கு உழுபவர் இந்தத் திட்டத்துக்குள்ளேயே வரமாட்டார். மா பூக்கும்போதே காயை மொத்தமாகக் குத்தகை பேசி, மருந்தடித்து, காவல் காத்து, விலை விழுந்தால் நஷ்டத்தையும் சுமக்கிறாரே, அவருக்கும் ஒன்றுமில்லை. நிலமில்லாமல் நாலு மாடு வைத்திருப்பவர் கிசான் கடன் அட்டை வாங்கலாம். கடன் உண்டு, உதவித்தொகை இல்லை.

பட்டா கேட்டால் மோசடி நடக்காதா?

அப்படித்தான் சொன்னார்கள். 2020-ல் தமிழ்நாட்டில் நடந்தது ஞாபகம் இருக்கா? தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பட்டியலில் ஏறி, 110 கோடி ரூபாய் வரை போய், கடைசியில் சிபிசிஐடி விசாரணை வரை வந்தது. ஆக, நிலமே இல்லாதவர்கள் பெயரில் பணம் போயிருக்கிறது. நிஜமாகவே உழுதவர் வெளியில் நின்றிருக்கிறார்.

குத்தகையைப் பதிவு செய்தால் என்ன?

குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்ய இங்கே 1969-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் எழுதிக் கொடுத்தால் நிலம் திரும்பி வராது என்ற பயம் உரிமையாளருக்கு. கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலமே கிடைக்காது என்ற பயம் உழுபவருக்கு. அதனால் எல்லாம் வாய்ப்பேச்சோடு முடிகிறது.

ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. அங்கே 2019-ல் பயிர் செய்பவருக்கென்றே ஓர் அட்டை கொண்டுவந்தார்கள். 11 மாத ஒப்பந்தம்தான், நில உரிமை கைமாறாது. எஸ்சி, எஸ்டி, பிசி, சிறுபான்மையினரில் நிலமில்லாத குத்தகை விவசாயிகளுக்கு மாநில அரசே ஆண்டுக்கு 13,500 ரூபாய் என அறிவித்தது. குறை இல்லாமல் இல்லை. அந்த அட்டைக்கும் நில உரிமையாளர் கையெழுத்து வேண்டும். அதைப் போடத்தான் பலரும் தயங்குகிறார்கள்.

நம்மிடம் இதைவிட எளிதான ஒரு காகிதம் ஏற்கெனவே இருக்கு: அடங்கல். எந்த சர்வே எண்ணில் இந்தப் போகம் என்ன பயிர் என்று விஏஓ எழுதித் தருவது. நெல் கொள்முதல் நிலையத்திலும் பயிர்க் காப்பீட்டுக்கும் அதைத்தான் கேட்கிறார்கள். மூட்டை வாங்க நம்பும் காகிதத்தை 2,000 ரூபாய்க்கு மட்டும் ஏன் நம்பக்கூடாது?

கேள்வி இப்போது இன்னும் அவசரமாகிறது. 2025 முதல் தமிழ்நாட்டில் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்கிறார்கள். அதுவும் நிலப் பதிவோடு இணைத்துத்தான். இனி வரும் திட்டங்களும் அந்த எண்ணைக் கேட்டால், பொன்னேரி குத்தகைக்காரர் விண்ணப்பத்தின் முதல் கட்டத்திலேயே நின்றுவிடுவார்.