உறங்காதிருத்தலின் விலை

கைப்பேசியின் திரை அணைந்த பின்னும் நமக்காக நடந்துகொண்டிருக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. விடிகாலையில் எழுப்பும் மணி, மாத்திரை வேளையை நினைவூட்டும் செயலி, நீரிழிவு நோயாளியின் உடலில் ஒட்டிய உணரியிடமிருந்து சர்க்கரை அளவைப் பெற்று, அது தாழ்ந்தால் ஒலியெழுப்பும் செயலி. பின்னணிச் சேவைகள் என்று நிரலாளர்கள் அழைக்கும் இவை, நாம் கவனிக்காத வேளைகளுக்கென்றே உள்ளவை. இன்றைய கைப்பேசிகளில் சத்தமின்றி நிறுத்தப்படுபவையும் இவையே.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2008இல் ஆண்ட்ராய்டு கைப்பேசி சந்தைக்கு வந்தபோது பின்னணியில் ஓடுவதற்குப் பெரிய தடையேதும் இருக்கவில்லை. ஐபோனோ 2010 வரை வெளியார் செயலிகளுக்கு அந்த உரிமையையே தரவில்லை. ஆண்ட்ராய்டின் தாராளத்தை நிரலாளர்கள் பாழாக்கினார்கள் என்பதே உண்மை. தேவை இருக்கிறதோ இல்லையோ, எல்லாச் செயலிகளும் விழித்திருக்க விரும்பின, மின்கலம் கரைந்தது. இராமனைக் காக்கப் பதினான்கு ஆண்டுகள் இலக்குவன் கண் துஞ்சவில்லை, அவன் உறக்கத்தையும் சேர்த்து ஊர்மிளை உறங்கினாள் என்றொரு செவிவழிக் கதை உண்டு. ஒருவர் விழித்திருப்பதற்கான விலையை இன்னொருவர் கொடுத்தாக வேண்டும்.

ஆகவே கட்டுப்பாடுகள் வந்தன. 2015இல் வெளியான ஆறாம் பதிப்பு, மின்னேற்றியில் இல்லாமல் அசைவற்றுக் கிடக்கும் கைப்பேசியை 'டோஸ்' என்னும் அரைத்துயிலில் ஆழ்த்தியது. 2017இன் எட்டாம் பதிப்பு முதல், தொடர்ந்து ஓட விரும்பும் சேவை அறிவிப்புப் பட்டியலில் தன் முகத்தைக் காட்டிக்கொண்டே ஓட வேண்டும். 2023இன் பதினான்காம் பதிப்புக்காக எழுதப்படும் செயலிகள், அது எவ்வகைப் பணி என்பதையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இவற்றை நான் குறை சொல்ல மாட்டேன். விழித்திருப்பவர் யார், எதற்காக என்று உடைமையாளருக்குத் தெரிவது நியாயமே.

என் மறுப்பு வேறிடத்தில் இருக்கிறது. கைப்பேசி தயாரிப்பாளர்கள் சிலர் இந்தப் பொது விதிகளுக்கு மேலும் தம் சொந்த விதிகளைச் சேர்த்து, முறைப்படி முகம் காட்டி ஓடும் சேவைகளையும் நிறுத்திவிடுகிறார்கள். மின்கலம் இரண்டு நாள் தாங்கும் என்று விளம்பரம் செய்யலாம். அந்தச் சேமிப்பில் எது பலியானது என்று எவரும் சொல்வதில்லை. உறக்கத்தைக் கணிக்கும் செயலி ஒன்றை உருவாக்கியவர்கள், எந்த நிறுவனம் எப்படிச் செயலிகளைக் கொல்கிறது என்று தரவரிசைப்படுத்த 'டோன்ட் கில் மை ஆப்' என்று ஒரு தளமே நடத்த வேண்டியிருக்கிறது.

2020இல் பிரிட்டன் இதைப் பொதுவெளியில் அனுபவித்தது. கொரோனாத் தொற்றுத் தொடர்பைக் கண்டறிய அந்நாட்டு அரசு உருவாக்கி, வைட் தீவில் சோதித்த செயலி, அருகிலிருந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 75 விழுக்காட்டை அடையாளம் கண்டது. ஐபோன்களில் வெறும் 4 விழுக்காட்டை. பின்னணியில் புளூடூத்தைப் பயன்படுத்த ஆப்பிள் விதித்திருந்த வரம்புகளே முக்கியக் காரணம். ஜூன் மாதம் அத்திட்டம் கைவிடப்பட்டு, கூகுளும் ஆப்பிளும் சேர்ந்து வகுத்த முறைக்கு அரசு மாறியது. ஓர் அரசே இறங்கிவர வேண்டியிருந்த இடத்தில் தனி நிரலாளர் என்ன செய்வார்?

செய்யக்கூடியவை சில உண்டு. அவசரமற்ற வேலையை 'ஒர்க்மேனேஜர்' வசம் விட்டுவிடலாம். கால் மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் அது எழுப்பாது, சொன்ன நொடியில் எழுப்பும் என்ற உறுதியும் இல்லை. சேதி வெளியிலிருந்து வரவேண்டியதானால் வழங்கியே தட்டியெழுப்பட்டும். உயிர் காக்கும் பணிக்கு மட்டும் இடைவிடாத சேவையைக் கேட்கலாம். இவற்றைவிட முக்கியமான ஒன்று: செயலி தான் கடைசியாக விழித்திருந்த நேரத்தைக் குறித்துவைத்து, மறுபடி எழுந்ததும் "இத்தனை மணி நேரம் நான் இயங்கவில்லை" என்று பயனரிடம் சொல்லிவிட வேண்டும்.

அதே நேர்மையைத் தயாரிப்பாளரிடமும் எதிர்பார்க்கிறேன். நிறுத்துவதானால் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். இரவெல்லாம் மணி ஒலிக்கவில்லை என்றால், சர்க்கரை தாழவில்லை என்றுதான் நோயாளியின் வீட்டார் நினைப்பார்கள். செயலி நிறுத்தப்பட்டுவிட்டது என்று அல்ல.