பேர் மட்டும் போதுமா?



உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் என்று 2016இல் சட்டம் வந்தது. 2018 தேர்தலில் நடைமுறையானது. வட்டாரங்களில் 10 வீதம், மேலதிகப் பட்டியலில் 50 வீதம் பெண் வேட்பாளர்கள் வேண்டும்.

நம்மவர்கள் செய்வதென்ன? வேட்புமனுவுக்கு முதல்நாள் இரவு வந்து, "டீச்சர், ஒரு பொம்புளப் பேர் தாங்க" என்கிறார்கள். பேர்தான் வேண்டும், ஆள் வேண்டாம்!

சட்டமும் அப்படித்தான். பிரதேச சபைக்குத் தகுதியான பெண், 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி காதியாக முடியாது. 'ஆண்' என்றே எழுதியிருக்கிறது. அவளுடைய நிகாஹ் பதிவுக்கே அவள் கையொப்பத்தை அந்தச் சட்டம் கேட்கவில்லை.

ஹுதைபியாவில் உம்மு ஸலமா (ரழி) சொன்ன ஆலோசனையை நபி (ஸல்) அவர்கள் ஏற்றார்கள். நமக்கென்ன தடை?

சகோதரிகளே, அடுத்த முறை பேர் கேட்டு வந்தால் திருப்பிக் கேளுங்கள்: எந்த வட்டாரம்? வெல்லக்கூடியதா?