மேஜை மேல் உள்நாட்டு யுத்தம்! குளத்தூர் எந்தப் பக்கம்?

ஒரு மேஜை. 6 அடி நீளம், 4 அடி அகலம். அதன் மேல் ஒரு நகரமே இருக்கிறது!

அட்டையில் செய்த வீடுகள். மணல் ஒட்டிய தெருக்கள். இடிந்த மதில். மதிலுக்குப் பின்னால் ஓர் அங்குல உயரத்தில் சின்னஞ்சிறு சிப்பாய்கள். ஒவ்வொரு சிப்பாய்க்கும் சட்டை, தலைப்பாகை, துப்பாக்கி எல்லாம் வர்ணம் பூசியிருக்கிறது.

மேஜையைச் சுற்றி நிற்பவர்கள் குழந்தைகளா? இல்லை. தலை நரைத்த பெரியவர்கள்! அவர்கள் கையில் அளவு நாடா. பக்கத்தில் பகடைக்காய்.

இதுதான் “மேஜை யுத்தம்”. மேல்நாடுகளில் பலருக்கு இது பொழுதுபோக்கு.

விளையாடுவது எப்படி?

ஒருவர் ஒரு கட்சி. மற்றவர் எதிர்க்கட்சி. ஒரு தடவைக்கு ஒரு சிப்பாய் இத்தனை அங்குலம்தான் நகரலாம் என்று கணக்கு உண்டு. சுட்டால் குண்டு பட்டதா, இல்லையா? பகடை சொல்லும். சிப்பாய் சுவருக்குப் பின்னால் இருந்தால் அவனை அடிப்பது கஷ்டம். வெட்டவெளியில் நின்றால் சுலபம். கூட்டாளிகள் பலர் விழுந்துவிட்டால் மிச்சம் உள்ளவர்கள் பயந்து ஓடலாம். அதையும் பகடைதான் சொல்லும்.

இது புதிய சங்கதி அல்ல. 1824-ஆம் ஆண்டிலேயே பிரஷ்யா நாட்டில் ரைஸ்விட்ஸ் என்ற ராணுவ அதிகாரி இப்படி ஓர் ஆட்டத்துக்கு விதிகள் எழுதினார். பட்டாள அதிகாரிகள் அதை ஆடிப் பயிற்சி பெற்றார்கள். ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் முறையை 1913-ல் ஒரு புத்தகமாகவே போட்டார். மறு வருஷமே முதல் உலக யுத்தம் வந்துவிட்டது!

குளத்தூர்ப் பக்கத்துக் கிழவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பாறையில் கோடு கிழித்து, 3 புலி, 15 ஆடு வைத்து ஆடும் ஆடுபுலி ஆட்டமும் ஒரு யுத்தம்தானே? ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்த ஆடுகளுக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. மேஜை யுத்தத்தில் ஊர், பேர், தேதி எல்லாம் உண்டு. வம்பு வருவது அங்கேதான்.

நகரத்துச் சண்டை

உள்நாட்டு யுத்தத்தில் நகரத்துக்குள் நடக்கும் சண்டை என்றால் ஆட்டக்காரர்களுக்கு ஆசை அதிகம். ஒவ்வொரு வீடும் ஒரு கோட்டை. ஒவ்வொரு ஜன்னலும் ஒரு துப்பாக்கி. தெருவைத் தாண்டுவதே ஒரு கண்டம்!

ஸ்பெயின் தேசத்து உள்நாட்டு யுத்தத்தைப் பலர் ஆடுகிறார்கள். 1936 நவம்பரில் மாட்ரிட் நகரத்துப் பல்கலைக்கழகக் கட்டிடங்களில் அறை அறையாகச் சண்டை நடந்தது. தடித்த புத்தகங்களை அடுக்கி, அதையே அரணாக்கிக்கொண்டு சுட்டார்கள்.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு சண்டை உண்டா? உண்டு. அது குளத்தூருக்குப் பக்கத்திலேயே நடந்தது.

கர்நாடக நவாப் பதவி யாருக்கு என்று முகமது அலிக்கும் சந்தா சாகிபுக்கும் போட்டி. ஒருவருக்கு ஆங்கிலேயர் துணை. மற்றவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. 1749-ல் ஆம்பூர்ப் போரில் முகமது அலியின் தந்தை அன்வருதீன் கொல்லப்பட்டார். முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் புகுந்துகொண்டார். 1751-ல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் திருச்சியை முற்றுகையிட்டார்கள்.

அந்த முற்றுகையை உடைக்கக் கிளைவ் ஒரு தந்திரம் செய்தார். சுமார் 500 பேருடன் போய் ஆற்காட்டைப் பிடித்தார். சந்தா சாகிபின் மகன் படையோடு வந்து சூழ்ந்துகொண்டார். ஊருக்கு நடுவில் கோட்டை. சுற்றிலும் வீடுகள். அந்த வீடுகளில் இருந்தே சுட்டார்கள். 50 நாள் தாங்கியது கோட்டை! சோற்றை வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கொடுத்துவிட்டு, வடித்த கஞ்சியைத் தமிழ்ச் சிப்பாய்கள் குடித்ததாக ஒரு கதை சொல்வார்கள். கதையோ, நிஜமோ, மேஜையில் கஞ்சிக்கு விதி கிடையாது.

1752-ல் சந்தா சாகிப் பிடிபட்டு வெட்டப்பட்டார். சண்டை அதோடு நிற்கவில்லை. 1753-ல் பொன்மலையில் பெரும் போர். அதே வருஷம் நவம்பரில் ஓர் இரவு பிரெஞ்சுக்காரர் ஏணி வைத்துத் திருச்சி வெளிமதிலில் ஏறிவிட்டார்கள். உள்ளே இன்னொரு மதில்! துப்பாக்கிச் சத்தம் ஊரை எழுப்பியது. இருட்டில் திரும்ப வழி இல்லாமல் நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டார்கள். மேஜை யுத்தக்காரர்களுக்கு இதைவிட நல்ல விருந்து ஏது?

250 அடிக்கு அப்பால்

ஆனால் அந்த மேஜையில் குளத்தூர் எங்கே?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் அங்குலம் என்பது 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 6 அடி மேஜை 720 மீட்டர். கோட்டையும் நாலு தெருவும் அடங்கும். கீரனூர்ப் பக்கத்தில் உள்ள குளத்தூரோ திருச்சிக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர். அதே கணக்கில் குளத்தூர் 250 அடிக்கு அப்பால் போய்விடும். அதாவது, அடுத்த தெருவில்!

முற்றுகையின் உயிரோ அந்த அடுத்த தெருவில்தான் இருந்தது. திருச்சிக்கு அரிசி எங்கிருந்து வந்தது? புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையில் இருந்து வந்தது. தொண்டைமான், முகமது அலி கட்சி. காட்டு வழியாக மாட்டின் முதுகில் மூட்டைகள் போயின. அரிசி தட்டியபோது, 1753-ல், திருச்சி ஜனங்கள் பெரும்பாலோர் ஊரையே காலி செய்துவிட்டார்கள்.

பிரெஞ்சுக்காரருக்கு இது தெரியாதா? தெரிந்தது. 1754-ல் அரிசி கொடுத்த சீமையைத் தண்டிக்க ஒரு படை புறப்பட்டது. ஜனங்களுக்குச் சேதி முன்பே எட்டிவிட்டது. சட்டி பானை, தட்டுமுட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு, மாடு கன்றை ஓட்டிக்கொண்டு அடர்ந்த காட்டுக்குள் போய்விட்டார்கள். படை வந்து பார்த்தால் ஊர் ஊராக வெறும் வீடுகள்! அவற்றுக்குத் தீ வைத்தார்கள். இன்று குளத்தூர் தாலுகாவில் இருக்கும் கிள்ளனூரில்தான் தொண்டைமானின் ஆட்கள் எதிர்த்து நின்றார்கள். அவர்களால் தாங்க முடியவில்லை.

நவாப் யார் என்பது பற்றிக் கிள்ளனூர்க் குடியானவனுக்கு என்ன கவலை? அவன் கவலை எல்லாம் விதைநெல். காட்டில் இருந்து திரும்பி வந்தவன் கூரையை மறுபடி வேய்ந்திருப்பான். சரித்திரப் புத்தகத்தில் அவனுக்கு ஒரு வரி. மேஜையில் அதுவும் இல்லை.

ஆறாத காயம்

270 வருஷத்துக்கு முந்திய சண்டையை ஆடினால் யாருக்கும் மனம் நோகாது. நேற்று நடந்ததை ஆடினால்?

1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் தெருத்தெருவாகச் சண்டை நடந்தது. பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இருந்து இறங்கிய இந்தியச் சிப்பாய்களில் பலர் மாண்டார்கள். ஊர்மக்களும் மாண்டார்கள். 1995 அக்டோபர் 30 அன்று வலிகாமத்தில் இருந்து லட்சக்கணக்கான தமிழர் ஒரே இரவில் மூட்டை முடிச்சோடு கிளம்பினார்கள். கிள்ளனூர்க்காரர்கள் செய்ததையே அவர்களும் செய்தார்கள். காடு மட்டும் இல்லை.

இலங்கை யுத்தம் 2009-ல் முடிந்தது. அங்கிருந்து வந்தவர்களில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இன்னும் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்திலேயே தோப்புக்கொல்லையிலும் லேனாவிளக்கிலும் முகாம்கள் உண்டு. “அகதிகள் முகாம்” என்ற பெயரை 2021-ல் தமிழக அரசு “மறுவாழ்வு முகாம்” என்று மாற்றியது. அங்கே இருக்கும் ஒரு பாட்டியிடம் போய், “யாழ்ப்பாணத்தை மேஜையில் வைத்து ஆடுகிறோம், எந்தப் பக்கம் ஜெயிக்கும்?” என்று கேட்க முடியுமா?

அதற்காக ஆட்டமே பாவம் என்று சொல்வதும் சரியில்லை. ஆடிப் பார்ப்பவனுக்குத்தான் ஒரு தெருவைப் பிடிக்க எத்தனை உயிர் வேண்டும் என்பது கண்ணால் தெரிகிறது. கைப்பேசியில் “டுமீல், டுமீல்” என்று சுடும் பையனுக்கு அது தெரிவதில்லை.

வேறு வழியும் உண்டு. போலந்து நாட்டில் 2014-ல் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு வந்தது. 1992 முதல் 1996 வரை முற்றுகையில் தவித்த சரயேவோ நகரத்தின் கதையைத் தழுவியது அது. அதில் ஆடுபவர் சிப்பாய் அல்ல. இடிந்த வீட்டில் ஒளிந்திருக்கும் சாதாரண ஜனம். இன்று மருந்தா, ரொட்டியா? பக்கத்து வீட்டுக் கிழவரிடம் திருடலாமா? இதுதான் ஆட்டம்! 2017-ல் அது மேஜை ஆட்டமாகவும் வந்தது. 2020-ல் போலந்து அரசு அதைப் பள்ளிப் பாடத்துக்குத் துணையாகச் சேர்க்கப்போவதாக அறிவித்தது.

திருச்சி முற்றுகைக்கும் அப்படி விதி எழுதலாம். பெரிய செலவு இல்லை. மேஜையின் தெற்கு ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள். அதில் குளத்தூர், கிள்ளனூர் என்று பெயர்கள். தாள் மேல் 10 புளியங்கொட்டை. ஒவ்வொரு கொட்டையும் ஒரு மாட்டுச் சுமை அரிசி. தடவைக்கு ஒரு கொட்டை கோட்டைக்குள் போகவேண்டும். போகாவிட்டால் நகரத்தில் இருந்து ஒரு வீட்டை எடுத்துவிடவேண்டும். பிரெஞ்சுக் கட்சி கொட்டையை மறிக்க விரும்பினால், மதிலில் நிற்கும் ஆட்களைக் குறைத்துத் தெற்கே அனுப்பவேண்டும். தாளைக் கையில் வைத்திருக்கும் மூன்றாவது ஆள் எந்தக் கட்சியும் அல்ல. படை வருகிறது என்று தெரிந்தால் மிச்சக் கொட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு எழுந்து போய்விட அவருக்கு உரிமை உண்டு.